மொட்டைமாடியில் விடிய விடிய நிற்கப்போகிற கேமராவை எப்படித் தேர்ந்தெடுப்பது

இரவு வானத்தைப் படமெடுக்க ஒரு கேமரா வேண்டும், லேப்டாப்பில் இருந்தே இயக்குகிற மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் அடுத்த மூச்சில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?" நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கையில் 24 மெகாபிக்சல் டி.எஸ்.எல்.ஆர்., ஒரு லேப்டாப், ஒரு யூ.எஸ்.பி. கேபிள், ஜவ்வாது மலையில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டு மாடி, தை மாதத்து அமாவாசை. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு நிமிட எக்ஸ்போஷர், அதாவது இரண்டு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்து, வரிசையாக எடுக்கச் சொல்லி லேப்டாப்பில் போட்டுவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டேன். விடிந்து பார்த்தால் முதல் நாற்பது படம் சரி, அடுத்த முப்பதில் லென்ஸில் பனி இறங்கி ஒவ்வொரு நட்சத்திரமும் பஞ்சு மிட்டாய் மாதிரி ஊதியிருக்கிறது, அதற்கப்புறம் படமே இல்லை, ஏனென்றால் கேமரா பேட்டரி செத்துவிட்டது. சரியாக வந்த நாற்பதையும் பெரிதாக்கிப் பார்த்தால் சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் புள்ளிகள், யாரோ கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு இழுக்க மறந்து போன மாதிரி. அந்த 24 மெகாபிக்சலும் இதில் எதற்கும் உதவவில்லை.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பகலில் கேமரா வாங்குகிறவர் படத்தைப் பார்த்து வாங்கலாம். இரவு வானத்துக்கு வாங்குகிறவர் அந்த ராத்திரியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 28 டிகிரி வெக்கையிலோ மலைப்பனியிலோ ஏழு மணி நேரம், பக்கத்தில் ஆள் இல்லாமல், கணினி சொன்னதைக் கேட்டுக்கொண்டு அது நிற்குமா? மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். வியாழன், சனி மாதிரி கோள்களைப் படமெடுப்பது தனி வித்தை. அதற்கு நீண்ட எக்ஸ்போஷர் வேண்டாம், நொடிக்குப் பல பத்துப் படம் வேகமாக எடுக்கிற கேமராதான் வேண்டும். இங்கே பேசுவது பால்வீதி, எரிகற்கள், நெபுலாக்கள் என்ற வாயு மேகங்கள், நட்சத்திரக் கூட்டங்கள் பற்றி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

கேமராவுக்கு முன்னால் எதை மாட்டப்போகிறீர்கள் என்று தெரியாமல் கேமராவைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்று பார்க்க எளிய வழி உண்டு. பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்துக்கொள்ளுங்கள், 206 ஆல் பெருக்குங்கள், லென்ஸின் குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதால் வகுங்கள். வருவது ஒரு பிக்சலுக்கு இத்தனை ஆர்க் விநாடி என்ற கணக்கு. ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஆர்க் விநாடி.

இப்போது விற்கும் வானியல் கேமராக்களில் நிறைய பார்க்கிற 3.76 மைக்ரான் பிக்சலை எடுத்துக்கொள்வோம். 135 மில்லிமீட்டர் லென்ஸ் மாட்டினால் ஒரு பிக்சலுக்கு 5.7 ஆர்க் விநாடி. வானம் விநாடிக்கு 15 ஆர்க் விநாடி நகர்கிறது. அதாவது கேமராவை வெறும் முக்காலியில் வைத்து 30 விநாடி எடுத்தால் நட்சத்திரம் 78 பிக்சல் நீளத்துக்குக் கோடாக இழுபடும். எந்தக் கேமரா வாங்கினாலும் இதே கதைதான். அதே கேமராவை வானத்தோடு சேர்ந்து சுழலும் மவுண்டில் வைத்தால் புள்ளி புள்ளியாகவே நிற்கும். ஆகவே கையில் மொத்தம் இவ்வளவுதான் பணம் என்றால், என் கருத்தில் முதலில் மவுண்ட், அப்புறம் கேமரா. கேமராவில் எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்த்தி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் புதுக்காரை வாங்கிப் பெட்ரோலுக்குக் காசில்லாமல் நிறுத்தி வைத்தவர் ஞாபகம் வரும்.

முக்காலிதான் இருக்கிறது, அதை வைத்தே ஆரம்பிக்கிறேன் என்றால் அதிலும் தப்பில்லை, அகலமான லென்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எத்தனை விநாடி எடுக்கலாம் என்று சொல்லும் பழைய 500 விதி இன்னும் தோராயமாக வேலை செய்கிறது. ஒளியைப் பிடிக்கும் சென்சார் பழைய ஃபிலிம் அளவில் இருக்கும் முழு ஃப்ரேம் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 500 ஐ 24 ஆல் வகுத்து சுமார் 20 விநாடி. சிறிய சென்சார் கொண்ட கேனான் உடலில் 18 மில்லிமீட்டர் என்றால், 18 ஐ 1.6 ஆல் பெருக்கி, வருவதால் 500 ஐ வகுக்க வேண்டும், 17 விநாடி வரும். பிக்சல்கள் சின்னதாகிவிட்ட இன்றைய கேமராக்களில் இதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

சென்சாரின் மொத்த அளவையும் இதோடு பார்த்துவிடுங்கள். ஐ.எம்.எக்ஸ். 533 என்ற சோனி சென்சார் சதுரமானது, பக்கத்துக்கு 11.3 மில்லிமீட்டர். 400 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் மாட்டினால் 1.6 டிகிரி சதுரம் தெரியும். நிலவு அரை டிகிரி, ஓரியன் நெபுலா சுமார் ஒரு டிகிரி, ஆக அழகாக உள்ளே உட்காரும். கார்த்திகைக் கூட்டமும் உட்காரும், ஆனால் ஓரம் கொஞ்சம் நெருக்கும். ஆண்ட்ரோமீடா காலக்சி மூன்று டிகிரி நீளம், முழுசாக அடங்காது. உங்களுக்குப் பிடித்த பொருள் எது என்று முடிவு செய்துகொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வெக்கைதான் முதல் எதிரி

மேலே சொன்ன கோலப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? சென்சாரில் ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் கசிந்து பிக்சலில் சேரும். சில பிக்சல்களில் இது அளவுக்கு மீறிப் போகும், அவைதான் அந்தப் புள்ளிகள். இந்தக் கசிவு ஏறத்தாழ ஒவ்வொரு 6 டிகிரி செல்சியஸ் ஏறும்போதும் இரட்டிப்பாகிறது. குளிர் நாடுகளில் இருந்து எழுதுகிறவர்கள் "டி.எஸ்.எல்.ஆர். போதுமே, நன்றாகத்தானே வருகிறது" என்று சொல்வதை நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான். அவர்கள் மைனஸ் 5 டிகிரியில் கையுறை மாட்டிக்கொண்டு எடுக்கிறார்கள். நாம் சித்திரை மாதத்து மாடியில் பனியனோடு நிற்கிறோம்.

ஒரு கணக்குப் பாருங்கள். வெளியே 30 டிகிரி. டி.எஸ்.எல்.ஆர். இடைவிடாமல் ஓடும்போது உள்ளே சென்சார் அதைவிட ஒரு 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருப்பது சாதாரணம், ஆக 40. குளிரூட்டும் வசதியுள்ள கேமராவில் அதே இரவில் சென்சாரை 0 டிகிரியில் வைக்கலாம். வித்தியாசம் 40 டிகிரி, கிட்டத்தட்ட ஏழு முறை பாதியாகிறது, கசிவு நூறில் ஒரு பங்குக்கு வந்துவிடும். இதற்கு நிகராக எந்த மெகாபிக்சலும் எதையும் செய்துவிட முடியாது.

விளம்பரத்தில் "மைனஸ் 35 டிகிரி" என்று பார்த்தால் அது சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி குறைவு என்று அர்த்தம், தெர்மாமீட்டரில் மைனஸ் 35 அல்ல. சென்னையில் 30 டிகிரி இரவில் அதிகபட்சம் மைனஸ் 5 தான், அதுவும் குளிரூட்டி முழு மூச்சில் ஓடினால். வருஷம் முழுக்க எட்டக்கூடிய ஒரே வெப்பநிலையாக 0 டிகிரியை வைத்துக்கொண்டுவிட்டால், அந்த வெப்பநிலையில் மூடி போட்டு எடுத்த இருட்டுப் படங்களை ஒரு தடவை சேர்த்து வைத்துக்கொண்டு பல மாதங்களுக்குப் பயன்படுத்தலாம். இருட்டுப் படத்தைக் கழித்தால் புள்ளிகள் போய்விடும். டி.எஸ்.எல்.ஆரில் வெப்பநிலை நம் கையில் இல்லாததால் இது சரியாகப் பொருந்தாது, ஒவ்வொரு இரவும் புதிதாக எடுக்க வேண்டும், அப்போதும் பத்து மணிக்கு இருந்த சூடு மூன்று மணிக்கு இருக்காது. குளிரூட்டியின் உண்மையான லாபம் குளிர்ச்சியைவிட இந்த நிலைத்தன்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எக்ஸ்போஷர் நீளம் என்ற மாயை

கேமராவின் விவரப் பட்டியலில் "அதிகபட்சம் 2000 விநாடி" என்று போட்டிருப்பார்கள். அரை மணி நேரத்துக்கும் மேல். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதை யாரும் தொடுவதில்லை.

காரணம் இதுதான். பிக்சலில் சேர்ந்ததைப் படிக்கும்போது கேமரா கொஞ்சம் இரைச்சலைத் தானே சேர்க்கும், இதுதான் வாசிப்பு இரைச்சல். வானத்தின் பின்னணி வெளிச்சம் இந்த இரைச்சலை விழுங்கும் அளவுக்குச் சேர்ந்துவிட்டால் அதற்குமேல் ஒரே படத்தை நீட்டிக்கொண்டே போவதில் பலன் மிகக் குறைவு. வாசிப்பு இரைச்சலின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கிய அளவுக்கு எலெக்ட்ரான் சேர்ந்தால் போதும் என்பது நடைமுறையில் உள்ள ஒரு கணக்கு. பழைய சி.சி.டி. வகை சென்சார் கொண்ட கேமராக்களில் இந்த இரைச்சல் 8 எலெக்ட்ரான் வரை இருந்தது, அப்படியானால் 640 எலெக்ட்ரான் சேர வேண்டும், பத்து இருபது நிமிடம் திறந்து வைத்துத்தான் ஆக வேண்டும். இன்றைய சிமாஸ் வகை சென்சார்களில் அது 1.5 அளவுக்கு வந்துவிட்டது, 23 எலெக்ட்ரான் சேர்ந்தால் ஆயிற்று. கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்கு நேரம். நகரத்து மாடியில் ஒளியை நிறைய விடும் லென்ஸோடு 30 விநாடியே போதும், மலை இருட்டில் இரண்டு மூன்று நிமிடம். அப்படி எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியில் அடுக்கிச் சேர்த்தால் மொத்தமாக ஐந்து ஆறு மணி நேர எக்ஸ்போஷர் கிடைத்துவிடும். நடுவில் விமானம் குறுக்கே போனாலும், பக்கத்து வீட்டுக்காரர் மாடி விளக்கைப் போட்டாலும் அந்த ஒரு படத்தைத் தூக்கிப் போட்டால் முடிந்தது.

ஆகவே பட்டியலில் பார்க்க வேண்டிய எண் அதிகபட்ச எக்ஸ்போஷர் இல்லை, வாசிப்பு இரைச்சல். அடுத்தது பிட் அளவு, அதாவது வெளிச்சத்தை எத்தனை படிகளாகப் பிரித்துப் பதிகிறது என்பது. 12 பிட்டைவிட 14, அதைவிட 16 நல்லது, ஏனென்றால் பிரகாசமான நட்சத்திரமும் மங்கலான நெபுலாவும் ஒரே படத்தில் சேதமில்லாமல் நிற்கும்.

எந்த வகைக் கேமரா

பழைய டி.எஸ்.எல்.ஆர். வீட்டில் கிடந்தால் அதிலேயே ஆரம்பியுங்கள், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கேனான் பழைய மாடல்கள் பெரும்பாலும் யூ.எஸ்.பி. வழியாகக் கணினி சொல்வதைக் கேட்கும். விண்டோஸில் டிஜிகேம்கண்ட்ரோல், லினக்ஸில் ஜிஃபோட்டோ, இரண்டும் இலவசம். கேமராவிலேயே வைத்தால் 30 விநாடிதான் உச்சம், அதைத் தாண்ட, நாம் மூடச் சொல்லும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பல்ப் முறை வேண்டும், கணினியால் பல்ப் முறையை இயக்க முடிகிறதா என்பதுதான் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம். சில மாடல்களில் படம் எடுக்கச் சொல்லலாம், பல்ப் மட்டும் யூ.எஸ்.பி.யில் வராது, தனியாக ஷட்டர் கேபிள் தேவைப்படும். ஜிஃபோட்டோவின் இணையதளத்தில் எந்தக் கேமரா ஒத்துழைக்கும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, மாடல் பெயரை அதில் தேடிவிட்டு வாங்குங்கள். பேட்டரிக்குப் பதிலாக டம்மி பேட்டரி என்று ஒன்று விற்கிறார்கள், பேட்டரி வடிவத்தில் இருக்கும், அதிலிருந்து ஒயர் வெளியே வந்து கரண்டில் செருகிக்கொள்ளும். எனக்கு இது அந்த ஜவ்வாது மலை இரவுக்கு அப்புறம்தான் தெரிய வந்தது.

டி.எஸ்.எல்.ஆரில் இன்னொரு குறை, சென்சாருக்கு முன்னால் உள்ள வடிகட்டி 656 நானோமீட்டர் சிவப்பொளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். நெபுலாக்களில் ஹைட்ரஜன் ஒளிர்வது சரியாக அந்த நிறத்தில்தான். கேனான் நிறுவனமே இதற்காக 2005 இல் 20 டி.ஏ., 2012 இல் 60 டி.ஏ., 2019 இல் ஆர்.ஏ. என்று தனி மாடல்கள் விட்டது. வடிகட்டியை எடுத்துவிட்ட பழைய கேமராக்களும் விற்பனைக்கு வரும். வானத்துக்கு மட்டும் என்றால் வாங்கலாம், அதில் கல்யாண வீட்டில் படமெடுத்தால் எல்லார் முகமும் குங்குமம் பூசின மாதிரி வரும்.

அடுத்து ராஸ்பெரி பை. உள்ளங்கை அளவுக் கணினி, அதோடு அவர்களே விற்கும் உயர்தரக் கேமரா, 2020 இல் வந்தது, ஐ.எம்.எக்ஸ். 477 சென்சார், 12 மெகாபிக்சல். எக்ஸ்போஷரை 670 விநாடி வரை நீட்டலாம். அதே நிறுவனத்தின் முந்தைய சின்னக் கேமராக்கள் 6 விநாடி, 12 விநாடி அளவில் நின்றுவிடும், அதனால் "பை கேமரா" என்று பொதுவாகக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். பிக்சல் 1.55 மைக்ரான், ரொம்பச் சின்னது, தொலைநோக்கிக்கு ஏற்றதில்லை. ஆனால் முழு வானத்தையும் ஒரே வட்டமாகப் பார்க்கிற மீன்கண் லென்ஸை மாட்டி, மேலே அக்ரிலிக் குவிமாடம் வைத்து, மாடியில் நிரந்தரமாக நிறுத்திவிட்டால் தினமும் ராத்திரி தானே படமெடுக்கும். ஆல்ஸ்கை என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்து விடிந்ததும் நிறுத்தி ஒரு வீடியோவும் தைத்துக் கொடுத்துவிடும். கார்த்திகைக் கடைசியில் உச்சத்துக்கு வரும் ஜெமினிட் எரிகற்களுக்கு இதைவிட மலிவான வேட்டைக்காரன் கிடையாது. பெட்டி மட்டும் கவனம். வெயிலில் உள்ளே அடுப்பாகும், வெள்ளை பெயிண்ட் அடியுங்கள், சிலிக்கா ஜெல் போடுங்கள், ஒயர் நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்கு முன்னாலேயே எறும்பு குடித்தனம் வந்துவிடும். குவிமாடத்தில் பல்லி வந்து உட்காருவதற்கு மட்டும் நான் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. ஒருநாள் படத்தில் விருச்சிகத்துக்குப் பக்கத்தில் நாலு காலோடு இன்னொரு ராசி இருந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சி.சி.டி.வி. கடையில் "ஸ்டார்லைட்" என்று எழுதிய கேமராவைக் காட்டி இருட்டிலும் எடுக்கும் என்பார்கள். எடுக்கும்தான், ஆனால் அது வீடியோ, ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது நொடியில் ஒரு சின்னப் பங்கு. பிரகாசமான எரிகல்லைப் பிடிக்கலாம், நெபுலா வராது.

மூன்றாவது வகை, வானத்துக்கென்றே செய்த கேமராக்கள். இவற்றில் திரை கிடையாது, பொத்தான் கிடையாது, மெமரி கார்டும் கிடையாது, உருளையாக ஒரு டப்பா, பின்னால் யூ.எஸ்.பி. துளை, அவ்வளவுதான். கணினி இல்லாவிட்டால் பேப்பர் வெயிட்டாகத்தான் பயன்படும். இசட்.டபிள்யூ.ஓ., க்யூ.எச்.ஒய்., பிளேயர் ஒன் என்று சில நிறுவனங்கள், ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் பெரும்பாலும் சோனிதான், அதனால் கம்பெனிப் பெயரைவிட சென்சார் எண்ணைப் பார்த்து ஒப்பிடுங்கள். குளிரூட்டி இல்லாத சிறியவை அகல வானத்துக்கும் பழகுவதற்கும் போதும். குளிரூட்டி வந்ததும் விலை சட்டென்று ஏறிவிடும்.

என்னிடம் ஒருவர் வந்து ஒன்றே ஒன்று சொல் என்றால் ஐ.எம்.எக்ஸ். 533 வைத்த, குளிரூட்டி உள்ள, கலர் கேமராவைச் சொல்வேன். வெறும் 9 மெகாபிக்சல். கேட்டதும் முகம் சுருங்கும், தெரியும். ஆனால் 14 பிட், இரைச்சல் குறைவு, சென்சார் மூலையில் இருந்து வெளிச்சம் கசிகிற தொல்லை இதில் இல்லை. ஃபோர் தேர்ட்ஸ் என்ற சற்றுப் பெரிய அளவுள்ள ஐ.எம்.எக்ஸ். 294 சென்சாரில் அந்தக் கசிவு இருக்கிறது, இருட்டுப் படத்தைக் கழித்தால் போகும், ஆனால் இருட்டுப் படத்தின் வெப்பநிலையும் நேரமும் அச்சுப் பிசகாமல் பொருந்த வேண்டும். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் ஐ.எம்.எக்ஸ். 571, சாதாரண டி.எஸ்.எல்.ஆர்.களில் இருக்கும் ஏ.பி.எஸ்.-சி என்ற பெரிய அளவு, 26 மெகாபிக்சல், 16 பிட். அதை வாங்கினால் கணினியையும் சேர்த்து யோசியுங்கள். ஒரு படம் 52 மெகாபைட், ஒரு நிமிட எக்ஸ்போஷரில் ஆறு மணி நேரம் என்றால் 360 படம், ஒரே இரவில் கிட்டத்தட்ட 19 ஜிகாபைட். 533 இல் அதே இரவு 6.5 ஜிகாபைட்டோடு முடிந்துவிடும். படங்களை அடுக்கும் நேரமும் அதே விகிதத்தில் ஏறும், பழைய லேப்டாப் என்றால் மறுநாள் மாலை வரை மின்விசிறியைச் சுழற்றிக்கொண்டு முனகும்.

கலரா, கறுப்பு வெள்ளையா என்ற சண்டை எப்போதும் உண்டு. கறுப்பு வெள்ளை சென்சாரில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி வடிகட்டி போட்டுத் தனித்தனியாக எடுத்துச் சேர்க்க வேண்டும், ஒளியை வீணாக்காது, முடிவு அருமையாக வரும். ஆனால் வடிகட்டிகளும் அதைச் சுழற்றும் சக்கரமும் சேர்ந்தால் செலவு எங்கோ போய்விடும், அதோடு நம் ஊர் மேகம் சிவப்பு எடுத்து முடித்து பச்சைக்குப் போகும்போது சரியாக வந்து நிற்கும். தொடங்குகிறவருக்கு கலர்தான். நகர வெளிச்சத்தில் நெபுலா எடுக்க ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டின் நிறத்தை மட்டும் விடும் இரட்டைப் பட்டை வடிகட்டி ஒன்று போதும்.

கணினி பிடிக்கிற கடிவாளம்

கணினியால் இயக்குவது என்றால் வெறுமனே ஷட்டரை அழுத்துவது என்று நினைக்க வேண்டாம். எடுத்த படத்தில் உள்ள நட்சத்திரங்களின் அமைப்பைப் பார்த்துக் கேமரா எந்தத் திசையை நோக்குகிறது என்று கணினியே கண்டுபிடித்து, மவுண்டைத் திருத்தி, நீங்கள் கேட்ட நெபுலாவை நடுவில் கொண்டு வந்து நிறுத்தும். தமிழ்நாட்டில் இதன் அருமை அதிகம். துருவ நட்சத்திரம் நமக்கு 8 முதல் 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் மறைத்துவிடும். வானத்தோடு சேர்ந்து சுழல மவுண்டின் அச்சு துருவத்துக்கு நேராக இருக்க வேண்டும், அப்படி நேராக்க அந்த நட்சத்திரத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இருந்தால் பாதி மாடிகள் உதவாது. நினா என்ற இலவச விண்டோஸ் மென்பொருளில் வானத்தின் எந்த மூலையிலாவது மூன்று இடத்தில் படமெடுத்து அதை வைத்தே நேராக்க ஒரு துணைநிரல் உண்டு. லினக்ஸில் கே-ஸ்டார்ஸ், அதற்குள் ஈகோஸ். அதுவும் இலவசம்.

மாறாக தெற்கே நமக்கு அதிர்ஷ்டம். ஒமேகா சென்டாரி, கரினா நெபுலா எல்லாம் லண்டன்காரர் வீட்டிலிருந்து பார்க்கவே முடியாது, நமக்கு மாசி பங்குனியில் தெற்கு அடிவானத்துக்கு மேல் வந்து நிற்கும். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியை ஜவ்வாது மலையில் காவலூரில் வைத்ததற்கு, வட வானத்தோடு தென் வானத்திலும் பெரும்பகுதி அங்கிருந்து தெரிவது ஒரு முக்கியக் காரணம். மாடியில் தெற்குப் பக்கம் மறைப்பில்லாத மூலையைப் பிடித்துவிடுங்கள்.

மென்பொருளில் இன்னொன்றைத் தவறாமல் போடுங்கள். ஒவ்வொரு சில படங்களுக்கு ஒருமுறை மவுண்டைச் சில பிக்சல் தள்ளி நகர்த்தச் சொல்லும் வசதி, டிதரிங் என்பார்கள். நட்சத்திரங்களை வைத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது கோலப் புள்ளிகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறிக் கரைந்துபோகும். குளிரூட்டி இல்லாத கேமராவுக்கு இது பாதி குளிரூட்டி மாதிரி. நான் மூன்று மாதம் இது தெரியாமல் எடுத்த படங்களில் எல்லாம் மழைச்சாரல் மாதிரி சாய்வான கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும்.

கேமரா வாங்கும் முன் அது எதோடு பேசும் என்று பாருங்கள். சில நிறுவனங்கள் வானியல் கேமராக்களில் தங்களுடையதை மட்டுமே இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டியை விற்கின்றன. ஃபோனிலேயே எல்லாம் செய்யலாம், வசதிதான், ஆனால் அதை வாங்கினால் அடுத்த கேமராவும் அவர்களிடமே வாங்க வேண்டியிருக்கும். விண்டோஸில் ஆஸ்காம், லினக்ஸில் இண்டி என்ற பொதுவான இணைப்புகளுக்கு டிரைவர் இருக்கிற கேமராவாகப் பார்த்துக்கொண்டால் இந்தக் கட்டு இல்லை.

அப்புறம் லேப்டாப்பை மாடியில் வைக்காதீர்கள். பனியில் நனையும், திரை வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்கும், நட்டநடு ராத்திரியில் அப்டேட் போட்டுக்கொண்டு தானே அணைந்து எழுந்திருக்கும். எனக்கு அப்படி ஒரு முழு இரவு போயிருக்கிறது. தொலைநோக்கி அடியிலேயே ஒரு மினி கணினியோ ராஸ்பெரி பையோ கட்டிவிட்டு வைஃபையில் கீழே அறையிலிருந்து பாருங்கள். இதில் இன்னொரு லாபம் யூ.எஸ்.பி. கேபிளை ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொள்ளலாம். மூன்று மீட்டர் தாண்டிய மலிவான கேபிள்தான் நள்ளிரவில் "கேமரா துண்டிக்கப்பட்டது" என்ற செய்திக்குப் பெரும்பாலும் காரணம், எல்லாரும் கேமராவைத் திட்டுவார்கள்.

கரண்டும் பனியும்

குளிரூட்டி முழு வேகத்தில் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் வரை இழுக்கும். மவுண்ட், மினி கணினி, லென்ஸைச் சூடாக்கும் பட்டை எல்லாம் சேர்த்து சராசரி 4 ஆம்பியர் என்று வையுங்கள், ஏழு மணி நேரத்துக்கு 28 ஆம்பியர்-மணி. வீட்டு மாடியில் என்றால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிற 12 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்மாற்றிப் பெட்டி ஒன்று, கொஞ்சம் பெரிதாக 10 ஆம்பியர் அளவில் வாங்கிவிட்டால் போதும், சி.சி.டி.வி.க்குப் போடும் 2 ஆம்பியர் அடாப்டரை மாட்டிவிட்டு குளிரூட்டி வேலை செய்யவில்லை என்று புகார் சொல்லாதீர்கள். மலைக்குப் போகிறவர்களுக்கு லித்தியம் பாஸ்பேட் பேட்டரி 40 ஆம்பியர்-மணி சரியாக வரும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும், அதனால் 60 வேண்டும், அதைத் தூக்கிக்கொண்டு ஏலகிரி ஏறிப் பாருங்கள், இடுப்பு சொல்லும்.

பனிக்கு லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூட்டுப் பட்டையைக் கேமராவோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முதல் நல்ல இரவே போய்விடும். குளிர்ந்த சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியிலும் ஈரம் படியலாம். நல்ல மாடல்களில் அந்தக் கண்ணாடிக்கே ஒரு சின்னச் சூடாக்கி இருக்கும், சென்சார் அறைக்குள் ஈரம் உறிஞ்சும் மாத்திரையும் இருக்கும். கடலோர ஊர்க்காரர்கள் இந்த இரண்டும் இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும். படத்தின் நடுவில் மங்கலான வட்டமாக ஒரு கறை தோன்றினால் உள்ளே உறைபனி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மாத்திரையை மாற்றுங்கள், குளிரூட்டியை ஒரேயடியாக அழுத்தாமல் பத்து நிமிடமாக மெதுவாக இறக்குங்கள்.

வாங்கும் இடத்தில்

பழைய கேமரா என்றால் லேப்டாப்பையும் கேபிளையும் கையோடு எடுத்துப்போங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு, வியூஃபைண்டரையும் துணியால் மூடி, லேப்டாப்பில் இருந்தே பல்ப் முறையில் ஐந்து நிமிடம் எடுங்கள். விற்கிறவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை, டீ வாங்கிக் கொடுங்கள். வந்த படத்தை லேப்டாப்பில் வெளிச்சம் கூட்டிப் பாருங்கள். ஆங்காங்கே வண்ணப் புள்ளிகள் இருப்பது சாதாரணம். ஒரு ஓரம் முழுக்க ஊதா நிறத்தில் வெளுத்திருந்தால், வரிவரியாகப் பட்டை ஓடினால், முழு நெடுக்குக் கோடு ஒன்று நின்றால் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடமும் இணைப்பு அறாமல் நின்றதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும், அப்போது யூ.எஸ்.பி. பிளக்கை விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள், ஆடினால் துளை தளர்ந்திருக்கிறது. ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்றும் கேளுங்கள், ஆரம்பநிலை மாடல்களுக்கு ஒரு லட்சம் அளவில்தான் ஆயுள் சொல்வார்கள், ஒரு இரவுக்கு 360 என்று நீங்கள் போட்டால் அது வேகமாகக் கரையும்.

புதிய கேமராவை வெளிநாட்டில் இருந்து நேராக வரவழைத்தால் சுங்க வரியையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில்தான். பார்சல் வந்த அன்றே மேகமாக இருந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்குள் மூடி போட்டு 0 டிகிரிக்கு இறக்கி, ஒரு மணி நேரம் அங்கேயே நிற்கிறதா என்று பார்த்து, இருட்டுப் படம் ஐம்பது எடுத்து வைத்துவிடுங்கள். எப்படியும் புதுக் கேமரா வந்த அன்று வானம் மூடித்தான் இருக்கும்.